பாற்புட்டியின் உட்புறம்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய குடும்பங்கள் சிலவற்றின் அலமாரிகளில், வெள்ளிக் கரண்டிக்கும் ஞானஸ்நான உடைக்கும் பக்கத்தில், தட்டையான வயிறும் குறுகிய கழுத்தும் கொண்ட கண்ணாடிக் குப்பி ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். கொள்ளுப்பாட்டியோ அவருடைய தாயோ சிசுவாக இருந்தபோது பால் குடித்த புட்டி அது. கை நழுவினால் ஒரு கணத்தில் தூளாகிவிடக்கூடிய அந்த வஸ்து, வீடு மாறியபோதும் பாகப் பிரிவினை நடந்தபோதும் போர்கள் வந்து போனபோதும் உடையாமல் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறதென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அதை வேண்டுமென்றே காப்பாற்றியிருக்கிறார் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. நம் நாட்டிலும், பரணை ஒழிக்கும்போது படகு வடிவமான கண்ணாடிப் பாற்புட்டி ஒன்று பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து வெளிப்படும் வீடுகள் உண்டு. இவற்றை ஞாபகார்த்தமாகப் போற்றுவது முற்றிலும் நியாயமே. ஆனால் புட்டியின் வடிவத்தை ஊன்றிக் கவனிப்பவருக்கு அது வேறொரு வரலாற்றையும் சொல்லும். அந்தக் கண்ணாடியின் ஒவ்வொரு வளைவும், ‘இதன் உட்புறத்தைக் கழுவ முடியுமா?’ என்ற ஒரே கேள்விக்கு அந்தந்தக் காலம் அளித்த விடை என்பது என் அபிப்பிராயம். விடை தவறாக இருந்த காலங்களில், அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் பேசத் தெரியாத குழந்தைகள்.

தாய்ப்பால் கிடைக்காத சிசுவுக்கு வேறு பால் புகட்டும் பாத்திரம் மனித நாகரிகத்தின் மிகப் பழைய சாதனங்களில் ஒன்று. ஜெர்மனியின் பவேரியா பிரதேசத்தில், வெண்கலக் காலத்தையும் இரும்புக் காலத்தையும் சேர்ந்த சிசுக்களின் சமாதிகளில், சிறு மூக்கு வைத்த மண் பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி டன் என்பவரும் அவருடைய சகாக்களும் அவற்றின் சுவர்களில் ஊறியிருந்த கொழுப்பைப் பரிசோதித்து, அது அசைபோடும் பிராணிகளின் பால் என்று 2019-இல் ‘நேச்சர்’ இதழில் நிரூபித்தார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பால் அந்த மண்ணைவிட்டு முழுவதும் நீங்கவில்லை என்பது ஆராய்ச்சியாளருக்கு அதிர்ஷ்டம்; அந்தப் பாத்திரத்தில் மறுநாளும் பால் குடித்த குழந்தைக்கு அது அதிர்ஷ்டமாக இருந்திருக்க நியாயமில்லை. பிற்காலத்து ஐரோப்பாவில் மாட்டுக் கொம்பும், மரமும், ஈயம் கலந்த வெள்ளீயமும் இதே காரியத்துக்குப் பயன்பட்டன. லண்டன் வைத்தியரான ஹ்யூ ஸ்மித் 1770-இல் சிறு தேநீர்ப் பாத்திரம் போன்ற வடிவில் ஒரு பாலூட்டியை அமைத்து, அதன் மூக்கின் நுனியில் துணியைக் கட்டிக் குழந்தை உறிஞ்சும்படி செய்தார். இவை அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்றே: உள்ளே என்ன தங்கியிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

ஆதலால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்ணாடி இந்த வேலைக்கு வந்து சேர்ந்தபோது, பெரிய சீர்திருத்தம் ஒன்று தன்னையறியாமலே நிகழ்ந்துவிட்டது என்று சொல்லலாம். கண்ணாடி பாலின் புளிப்பை உறிஞ்சாது, நாற்றத்தைத் தேக்காது, அழுக்கு இருந்தால் மறைக்கவும் மறைக்காது. முதலில் வந்த புட்டிகள் படுக்கை வசத்தில் தட்டையாக இருந்தன. ஒரு முனையில் காம்பு கட்டும் கழுத்தும், மேற்புறத்தின் நடுவே விரலால் மூடித் திறக்கும் துளையும் இருந்தன. விரலை எடுத்தால் பால் ஓடும், வைத்தால் நிற்கும். கழுத்தில் கட்டியது பெரும்பாலும் சாராயத்தில் பதப்படுத்திய இளம் பசுவின் காம்பு, அல்லது மெல்லிய தோல், அல்லது பஞ்சு. அமெரிக்காவில் சார்லஸ் விண்ட்ஷிப் 1841-இல் கண்ணாடிப் பாற்புட்டிக்கு முதல் காப்புரிமை பெற்றார். 1844-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து உறுதியாக்கும் முறைக்கு உரிமை பெற்றதும், அடுத்த ஆண்டே நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் ரப்பர் நிப்பிளுக்கு உரிமை பெற்றுவிட்டார். ஆரம்ப கால ரப்பர் கறுத்து, துர்நாற்றம் வீசி, வெயிலில் இளகிப்போனபடியால், வீடுகளில் அது நிலைபெறப் பல ஆண்டுகள் பிடித்தன.

ரப்பர் நிலைபெற்றதும் வந்தது நீள்குழாய்ப் புட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் ஆட்கொண்ட இந்தச் சாதனத்தைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இன்று குடும்பச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கும் மிக அழகான புட்டிகள் பல இந்த ரகத்தைச் சேர்ந்தவை. ஆமை ஓடு போலத் தாழ்ந்து அகன்ற கண்ணாடிக் குப்பி. அதன் கழுத்தில் மரையிட்டுப் பொருத்திய மூடி. மூடியின் வழியே குப்பியின் அடிவரை இறங்கும் மெல்லிய கண்ணாடிக் குழல். அதன் மேல்முனையிலிருந்து சிசுவின் வாய்வரை நீளும் ரப்பர்க் குழாய். குழாயின் கடைசியில் எலும்பிலோ தந்தத்திலோ கடைந்த வட்டத் தகடும் ஒரு நிப்பிளும். குப்பியின் மேல் முகத்தில் ‘அலெக்ஸாண்ட்ரா’ என்று இளவரசியின் பெயரோ, ‘மம்மா’ என்ற அருமைச் சொல்லோ புடைப்பெழுத்தில் மின்னும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் அருகே குப்பியைச் சாய்த்துவைத்து நிப்பிளை வாயில் கொடுத்துவிட்டால், யாரும் ஏந்திப் பிடிக்காமலே அது வேண்டியபோது உறிஞ்சிக்கொள்ளும். ஆலை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே அல்லாடிய தாய்க்கும், நாலைந்து குழந்தைகளை ஒருங்கே பார்த்துக்கொண்ட மூத்த பெண்ணுக்கும் இதைவிடப் பெரிய சௌகரியம் என்ன இருக்க முடியும்?

ஆனால் அந்தக் குழாயினுள் எந்தப் பிரஷும் நுழையாது. பாலின் கொழுப்பும் கேஸின் என்ற புரதமும் ரப்பரின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படியும். ரப்பர் பழசாகும்போது தோன்றும் நுண்ணிய வெடிப்புகளில் அந்தப் படலம் புகுந்துகொள்ளும். மேலே தண்ணீர் ஓடினால் மட்டும் அது பெயர்ந்து வருவதில்லை. தொட்டிலின் கதகதப்பில், குழந்தையின் உடலுக்கு அருகிலேயே மணிக்கணக்கில் கிடக்கும் இந்தப் பால், பாக்டீரியாவுக்கு வகுத்துவைத்த வயல். சாதகமான உஷ்ணத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரு கிருமி, ஏழு மணி நேரத்தில் இருபத்தொரு முறை பெருகி இருபது லட்சத்துக்கும் மேலாகிவிடும் என்பது வெறும் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் அறிவு அந்தத் தாய்மார்களுக்கு யாராலும் தரப்படவில்லை. 1861-இல் இஸபெல்லா பீட்டன் வெளியிட்டு இங்கிலாந்து முழுவதும் குடும்ப வழிகாட்டியாகக் கொண்டாடப்பட்ட புத்தகம், புட்டியில் கட்டிய காம்பைப் புதிதாக மாற்றும்வரை கழற்ற வேண்டியதே இல்லையென்றும், மாற்றுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அவசியப்படாதென்றும் கூறியது. பாஸ்டர் தம் பரிசோதனைகளால் கிருமிகளின் பரவலை நிலைநாட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. ஆய்வுசாலையின் அறிவு தொட்டிலருகே வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

1899-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 163 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இத்தனை மரணத்தையும் புட்டியின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. பாலே பண்ணையிலிருந்து அசுத்தமாக வந்தது, தெருவெல்லாம் குதிரைச் சாணமும் ஈக்களும் நிறைந்திருந்தன, ஏழைகளின் வீட்டில் சுத்தமான குடிநீர் அரிது. எனினும் கோடைதோறும் பேதி கண்டு இறந்த குழந்தைகளில் தாய்ப்பால் குடித்தவை சொற்பம் என்பதை வைத்தியர்கள் கண்கூடாகக் கண்டார்கள். ‘கொலைப் புட்டி’ என்றே நீள்குழாய்ப் புட்டிக்குப் பெயர் வழங்கலாயிற்று. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 1897-இல் அதைத் தடை செய்தது. பிரான்ஸ் 1910-இல் நாடு முழுவதற்கும் சட்டமியற்றி விற்பனையை நிறுத்தியது. தடையில்லாத இடங்களில் அது இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து விலைபோயிற்று. இதற்காகத் தாய்மாரைக் குறை கூறும் எழுத்துகளை நான் படித்ததுண்டு. அவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. குழந்தையின் பசியைத் தீர்க்கத் தன் கைக்கெட்டிய ஒரே சாதனத்தை அன்போடு பயன்படுத்தியவள் எவ்விதத்திலும் குற்றவாளியல்ல. கழுவ முடியாத பொருளைக் கழுவ முடியாதென்று தெரிந்த பின்னும் விற்றவர்களே பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மாற்றம் புட்டியிலிருந்து மட்டும் தொடங்கவில்லை. 1885-இல் தியோடர் எஷரிஷ் சிசுக்களின் மலத்திலிருந்து, பின்னாளில் தம் பெயராலேயே வழங்கப்பட்ட குடற்கிருமியைப் பிரித்தெடுத்தார். 1886-இல் ஃப்ரான்ட்ஸ் ஸாக்ஸ்லெட், ஒரு நாளைக்குத் தேவையான பாலைத் தனித்தனிப் புட்டிகளில் நிரப்பி வீட்டிலேயே கொதிநீரில் வைத்துச் சுத்தப்படுத்தும் ஏற்பாட்டை வகுத்தார். நியூயார்க்கில் நேதன் ஸ்ட்ராஸ் 1893-இலும், பிரான்ஸில் ஃபெகாம் நகரத்து வைத்தியர் லியோன் டுஃபூர் 1894-இலும் ஏழைக் குழந்தைகளுக்குச் சுத்தமான பால் வழங்கும் நிலையங்களைத் திறந்தார்கள். இந்தச் சூழ்நிலையில்தான் லண்டனின் ஆலன் அண்டு ஹன்பரீஸ் கம்பெனி, இரு முனையும் திறந்த படகு வடிவப் புட்டியை வெளியிட்டு, நூற்றாண்டு திரும்பும் வேளையில் அதைச் செம்மைப்படுத்தியது.

அதன் யுக்தி மிக எளியது. எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி வரும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டால் சீராக ஒழுகும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சப் புட்டிக்குள் காற்றழுத்தம் குறைகிறது. ஒரே வாய் உள்ள புட்டியில் அதை ஈடுசெய்யக் காற்று நிப்பிள் வழியாகவே திரும்பி நுழைய வேண்டும், அதற்குக் குழந்தை உறிஞ்சுவதை நிறுத்த வேண்டும். படகுப் புட்டியின் ஒரு முனையில் நிப்பிளும் மறுமுனையில் காற்றை உள்ளே விட்டுப் பாலை வெளியே விடாத ரப்பர் வால்வும் இருந்தன. ஆனால் அந்த இரண்டாவது வாயின் மேன்மை காற்றில் இல்லை. இரண்டு ரப்பரையும் கழற்றிவிட்டுக் குழாயடியில் பிடித்தால், தண்ணீர் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் பாய்ந்தோடிவிடும். உள்ளே மூலை என்று சொல்ல ஒன்றுமில்லை. பிரஷ் தடையின்றிச் சென்று வரும். பாலூட்டும் பாத்திரத்தின் சரித்திரத்தில், கழுவுவதையே முதல் நோக்கமாகக் கொண்டு வடித்த கண்ணாடிகளுள் இது தலையாயது என்பதனால்தான், அலங்காரம் எதுவுமில்லாத இந்தப் புட்டியை நான் மற்ற எல்லாவற்றையும்விட உயர்வாக மதிக்கிறேன்.

நம் வீடுகளின் சங்கும் பாலாடையும் இந்தப் பரீட்சையில் என்றோ தேறியவை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். திறந்த வாய், விரல் படும் உட்புறம், கொதிநீர் ஊற்றினால் தீர்ந்தது வேலை. உறிஞ்சத் திராணியில்லாத குறைமாதக் குழந்தைகளுக்குத் தாயின் பாலைக் கறந்து பாலாடையால் புகட்டுவது இந்திய மருத்துவமனைகளில் இன்றும் நடைமுறை. எடை குறைந்த சிசுக்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிமுறைகளிலும் பாலாடைக்கு இடமுண்டு.

படகுப் புட்டியைத் தொடர்ந்து, அகன்ற வாய்ப் புட்டியும், கடைசியாக வெப்பத்தைத் தாங்கும் கண்ணாடியும் வந்தன. சாதாரணக் கண்ணாடி மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிச் சேர்ந்தது. குளிர்ந்த புட்டியில் கொதிநீரை ஊற்றினால் உட்புறம் உடனே விரிகிறது. வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. விரியும் உட்புறம் வெளிப்புறத்தை இழுக்க, இழுவிசையைத் தாங்கும் வலிமை கண்ணாடிக்குக் குறைவாதலால், மேற்பரப்பில் எங்கேனும் உள்ள கீறலிலிருந்து விரிசல் ஓடிவிடுகிறது. கனத்த கண்ணாடி பத்திரம் என்று எண்ணுவது தவறு. கனம் கூடக்கூட உள்ளும் புறமும் ஒரே உஷ்ணத்தை அடைவதற்கு நேரமாகிறது, அபாயமும் வளர்கிறது. ஜெர்மானியரான ஆட்டோ ஷாட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மணலோடு போரான் ஆக்ஸைடைச் சேர்த்து, உஷ்ணத்தால் விரிவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த கண்ணாடியை உருவாக்கினார். ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்குச் சாதாரணக் கண்ணாடி தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு விரியும். இது மூன்று பங்குக்குச் சற்றே மேல். ரயில்வே விளக்குகளுக்காக இத்தகைய கண்ணாடியை வார்த்துவந்த அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி 1915-இல் ‘பைரெக்ஸ்’ என்ற பெயரில் அடுப்படிப் பாத்திரங்களை வெளியிட்டது. சில ஆண்டுகளில் பைரெக்ஸ் பாற்புட்டியும் வந்தது. புட்டியையே கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது அதன் பிறகே அச்சமில்லாத தினசரிக் காரியமாயிற்று.

வீட்டில் இருக்கும் புட்டி எக்காலத்தது என்று அறிய விரும்புகிறவர், அதைப் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின் முன்னே பிடித்து, நகத்தால் அதன் பக்கவாட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் மெல்லிய கோடு ஒன்று நகத்தில் தட்டும். அந்தக் கோடு மேலே ஏறிவந்து வாயின் விளிம்புக்குச் சற்றுக் கீழே மறைந்துவிட்டால், வாயைத் தொழிலாளி தன் கைக்கருவியால் தனியே உருட்டி முடித்திருக்கிறான் என்று பொருள். விளிம்பின்மீதும் கோடு ஏறிச் சென்றால், 1903-இல் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கிப் புட்டி யந்திரத்தை அமைத்ததற்குப் பிந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கண்ணாடிக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளும், சுவரின் கனம் ஒரு புறம் கூடி ஒரு புறம் குறைந்திருப்பதும் கைவேலையின் அடையாளங்களே. இலேசான பச்சையோ நீலமோ தெரிந்தால் அது மணலிலிருந்த இரும்பின் சாயை. அந்தச் சாயையைப் போக்க மாங்கனீஸ் டையாக்ஸைடைச் சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்த்த கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் இருந்தால், புறஊதாக் கதிர்கள் மாங்கனீஸ் அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க, நிறமற்றிருந்த புட்டி மங்கிய ஊதா நிறம் கொள்ளும். முதல் உலகப் போரையொட்டி மாங்கனீஸின் இடத்தைச் செலினியம் பிடித்துக்கொண்டபடியால், அந்த மெல்லிய ஊதா ஒரு கால எல்லையைக் காட்டிக் கொடுக்கிறது. கத்தரிக்காய் நிறமாகக் கருத்திருந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வியாபாரிகள் செயற்கைக் கதிர்வீச்சால் அவ்வாறு நிறமேற்றுவதுண்டு. அவுன்ஸ் அளவுகள் பொறித்திருந்தால், அளந்த தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம்: பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.4 மில்லிலிட்டர், அமெரிக்க அவுன்ஸ் 29.6. அந்த அளவுக்கோடுகளுக்கும் காரணம் உண்டு. பசும்பாலில் புரதம் தாய்ப்பாலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, சர்க்கரையோ குறைவு, ஆகையால் எவ்வளவு தண்ணீரும் சர்க்கரையும் கலப்பது என்பதை வைத்தியர்கள் அவுன்ஸ் கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள்.

உட்புறம் மூடுபனி படர்ந்ததுபோல் மங்கியிருக்கும் புட்டிகளே மிகுதி. மங்கலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று பாலிலுள்ள கால்ஷியமும் பாஸ்பேட்டும் படிந்த உப்பு. தண்ணீர் கலந்த வினிகரைச் சிறிது நேரம் ஊற்றிவைத்தால் கரைந்துவிடும். மற்றது கண்ணாடியின் சொந்த நோய். தங்கிய ஈரம் கண்ணாடியிலிருந்து சோடியத்தைச் சிறுகச் சிறுக வெளியே இழுக்கிறது. வெளிவந்த சோடியம் அந்தத் துளி நீரைக் காரமாக்குகிறது. காரநீர் சிலிக்காவையே அரிக்கத் தொடங்குகிறது. அந்த மங்கலை எந்தத் திரவமும் நீக்காது, ஏனெனில் அங்கே அழுக்கு ஒன்றுமில்லை, போனது கண்ணாடியே. மணலைப் போட்டுக் குலுக்கித் தேய்ப்பவர்கள் அதை இன்னும் கெடுக்கிறார்கள். புட்டியை நன்றாக உலர்த்தி, தக்கையோ மூடியோ இறுக்காமல், காற்றுப்படும்படி திறந்தே வைப்பதுதான் அந்த நோய்க்கு அறிந்த சிகிச்சை.

பழைய ரப்பர் கூடவே இருந்தால் அதைக் கண்ணாடியிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். ஆக்ஸிஜனும் ஓஸோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்க, அது சில இடங்களில் பிசுபிசுத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், சில இடங்களில் இறுகி நொறுங்கும். உறுதிப்படுத்தச் சேர்த்த கந்தகம் அதிலிருந்து மெல்ல ஆவியாகிக்கொண்டே இருப்பதால், ஒரே பெட்டியில் வைத்த வெள்ளிக் கரண்டி கறுத்துப்போகும்.

பரம்பரைப் பாசத்தால், புதிதாகப் பிறந்த பேரக்குழந்தைக்கு இந்தப் புட்டியில் ஒருவேளையாவது பால் கொடுக்க வேண்டும் என்ற ஆசை சிலருக்கு எழும். பாசம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒருவேளைகூடக் கொடுக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களால் வலுவிழந்த பழங்கண்ணாடி வெந்நீர் பட்டதும் விரிசல் விடலாம். அரித்துச் சொரசொரத்த உட்சுவர் மீண்டும் கிருமிக்கு இடந்தரும். வண்ணத்தில் அச்சிட்ட அளவுக்கோடுகள் இருந்தால் அந்த வண்ணத்தில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். வண்ணம் தீட்டிய புட்டிக்கு வினிகரும் ஆகாது என்பதை இங்கேயே சேர்த்துக்கொள்க.

கண்ணாடி தன் உலையையும், அச்சையும், தேசத்தையும், ஏறக்குறைய தன் பத்தாண்டையும் சொல்லிவிடும். எந்தக் குழந்தை அதில் குடித்தது என்பதை மட்டும் அதனால் சொல்ல இயலாது. அதைத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே குழந்தையின் பெயர், பிறந்த ஊர், ஆண்டு, புட்டியைக் காத்துவைத்தவர் பெயர் ஆகியவற்றைத் தடித்த தாளொன்றில் பென்சிலால் எழுதி, பருத்தி நூலால் புட்டியின் கழுத்தில் கட்டிவிடுவது நல்லது. பேனா மை ஈரத்தில் பரவும். பசை நாடாவோ கண்ணாடியில் கறை விடும்.